நூற்றுவர் தலைவரின் கவசம்: ஃபைபரில் மேடைக் கவச உடை செய்யும் முறை

தவக்காலத்தில் மேடையேறும் இயேசுவின் பாடுகளின் நாடகம், டிசம்பர் மாத ஊர்வல வண்டிகள், பள்ளி ஆண்டு விழா என்று குமரி மாவட்டத்தில் கவசம் அணிந்த போர்வீரன் தேவைப்படும் இடங்கள் பல உண்டு. அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிச் செய்யும் கவசம் வியர்வையிலேயே ஊறிக் கிழிந்துவிடும்; வாடகைக்குக் கிடைப்பதோ யாருக்கோ அளவெடுத்தது, உடுத்துபவரின் கழுத்தை அழுத்தி அக்குளை உரசும். நம் கடற்கரையில் வள்ளம் கட்டப் பயன்படும் அதே கண்ணாடியிழையையும் (ஃபைபர்), அதை ஊறவைத்து இறுகச் செய்யும் ரெசின் என்னும் பிசினையும் கொண்டு, பல ஆண்டுகள் நிற்கக்கூடிய ஒரு கவச உடையை வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ள முடியும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற ஊர்களின் பக்கம் ஃபைபர் வேலை தெரிந்தவர்கள் இருப்பதால், சந்தேகம் கேட்கவும் சிறிய அளவில் பொருள் வாங்கவும் நமக்கு வழி எளிது.

இந்தக் கட்டுரை ஃபைபர் வேலையை இதுவரை தொட்டிராதவர்களுக்காக எழுதப்படுகிறது. உடலின் உருவத்தின்மேல் களிமண்ணில் கவசத்தை வடித்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்து, அச்சுக்குள் ஃபைபரை வார்த்தெடுப்பதே முறை. தொடங்கும்போதே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வள்ளம் கட்டத் தெரிந்தவருக்கும் கவசத்தில் இடறக்கூடிய இடம் அளவுதான். வள்ளத்தில் மனிதன் ஏறி உட்கார்ந்தால் போதும்; கவசத்துக்குள் அவன் மூச்சு விட வேண்டும், குனிய வேண்டும், கை தூக்க வேண்டும், மேடைப் படியில் ஏறி இறங்க வேண்டும். ஆகவே மொத்த வேலையில் பாதி நேரத்தை ரெசின் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே செலவிடுங்கள்.

எந்தக் கவசம், எந்த மாதத்தில்

முதல் வேலைக்கு உரோம நூற்றுவர் தலைவரின் உடையைப் பரிந்துரைக்கிறேன். உரோமக் காலாள் வீரனுக்கென்று பலரும் படங்களில் பார்த்திருக்கும் பட்டைக் கவசம், ஒன்றன்மேல் ஒன்று சரியும் பல இரும்புப் பட்டைகளால் ஆனது. அதை ஃபைபரில் செய்ய முனைவது புதியவருக்கு ஏற்றதன்று. உடற்கட்டு வடிவில் அமைந்த அதிகாரிகளின் மார்புக்கவசம் முன் தட்டு, பின் தட்டு என்று இரண்டே துண்டுகள். அவற்றோடு தலைக்கவசம் ஒன்று, முழந்தாளுக்குக் கீழே அணியும் கால்தட்டுகள் இரண்டு, முன்கைத் தட்டுகள் இரண்டு என ஏழு துண்டுகளில் உடை முடிந்துவிடும். முன்கைத் தட்டு மேடை வழக்கம்தான் என்றாலும், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது உடையை நிறைவாகக் காட்டும் என்பதால் சேர்க்கிறேன்.

1741-ஆம் ஆண்டின் குளச்சல் போரை நாடகமாக்க விரும்புவோருக்கும் இந்தச் செய்முறை உதவுமா என்ற கேள்வி எழலாம். செய்முறை உதவும், உடை உதவாது. அக்காலத்து ஐரோப்பியக் காலாட்படையினர் துணிச்சட்டையும் துப்பாக்கியுமாகவே களத்தில் நின்றனர். டச்சு வீரர்களுக்கு மார்புக்கவசம் மாட்டினால் அது அந்தப் போருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

மாதத்தையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நம் மாவட்டத்தை நனைப்பதால், ஜூன் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். ஈரம் அச்சை உலரவிடாது, ‘மேட்’ எனப்படும் கண்ணாடியிழைப் பாயில் ஏறி ரெசின் இறுகுவதைக் கெடுக்கும், வண்ணத்தை வெளிறச் செய்யும். பங்குனி, சித்திரையில் வரும் நாடகத்துக்கு ஜனவரி முதல் வாரத்தில் தொடங்குவது சரி. கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்கான கவசத்தை மே மாதத்துக்குள் வார்த்து முடித்துவிட்டு, மழைக்காலத்தில் வார் கோப்பது, உட்பஞ்சு ஒட்டுவது போன்ற உலர்ந்த வேலைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

உடலின் அளவு

முதலில் உடுத்தப்போகிறவர் யார் என்று முடிவாக வேண்டும். ‘யார் வந்தாலும் போட்டுக்கொள்ளட்டும்’ என்று பொதுவாகச் செய்த கவசம் எவருக்கும் பொருந்தாது. மார்பின் சுற்றளவை இருமுறை எடுங்கள்: சாதாரணமாக நிற்கும்போது ஒன்று, மூச்சை முழுவதும் இழுத்து நிறுத்தும்போது ஒன்று. இரண்டாவது அளவே நமக்குரியது. வசனம் பேசும் நடிகர் மூச்சை நிறைத்துத்தான் பேசுவார். அந்த நேரத்தில் தட்டு நெஞ்சைப் பிடித்தால் குரல் எழும்பாது.

அளவுகளைக் கொண்டு பழைய சார்ட் தாளில் ஏழு துண்டுகளையும் வெட்டி, ஒட்டு நாடாவால் உடலில் பொருத்திப் பாருங்கள். பிறகு அதே வடிவங்களை 5 மி.மீ. தடிமன் உள்ள யோகா பாயில் வெட்டி மீண்டும் அணிவித்து, நடிகரை நடக்கவும், மண்டியிடவும், நாற்காலியில் அமரவும், இரு கைகளையும் முன்னே நீட்டிக் கோக்கவும், வாளை உறையிலிருந்து உருவுவதுபோல் கையைக் குறுக்கே கொண்டுசெல்லவும் சொல்லுங்கள். எங்கே தட்டு இடிக்கிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டு வெட்டிக்கொண்டே வாருங்கள். அக்குள் வளைவு பெரும்பாலும் நாம் நினைத்ததைவிட இரண்டு விரல் அளவு உள்ளே போகும். முன் தட்டின் கீழ் விளிம்பு இடுப்பெலும்பின் மேல்முனையோடு நின்றுவிட வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால், அமரும்போது தொடை அதைத் தள்ளி, மேல் விளிம்பு தொண்டையில் வந்து முட்டும். கழுத்துப் பகுதியில் காரையெலும்புக் குழிக்குக் கீழே இரண்டு விரல் இடம் விடுங்கள். கால்தட்டு முழங்காலுக்கு மூன்று விரல் கீழே தொடங்கி, பாதம் மடங்கும் இடத்துக்கு மூன்று விரல் மேலே முடியட்டும். அதன் பின்புறம் திறந்தே இருக்க வேண்டும்.

வெட்டித் திருத்திய யோகா பாய்த் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். இறுதியில் ஃபைபரின் விளிம்பை எங்கே அறுப்பது என்பதற்கு அவையே வழிகாட்டி.

உடலின் உருவத்தைப் பெறுவதற்கு நாடா உருவம் எளிய வழி. நடிகர் ஒரு பழைய இறுக்கமான பனியனை அணிந்து நிற்க, மற்றொருவர் ஒட்டும் துணிநாடாவை இடுப்பிலிருந்து கழுத்தடி வரை இரண்டு மூன்று அடுக்காகச் சுற்ற வேண்டும். பாதி மூச்சு நிறைந்த நிலையில் சுற்றுங்கள், இறுக்கக் கூடாது, தலைசுற்றல், மூச்சுமுட்டல் என்று அவர் சொன்ன கணமே வெட்டிக் கழற்றிவிட வேண்டும். சுற்றி முடித்ததும் முதுகுத்தண்டின் வழியே மழுங்கிய முனைக் கத்தரியால் வெட்டி எடுத்து, வெட்டை மீண்டும் ஒட்டி, உட்புறத்தில் பிளாஸ்டரில் நனைத்த சணல் துணியை இரண்டு அடுக்காகப் பரப்பி உலரவிட்டால், களிமண்ணின் பாரத்தைத் தாங்கும் மார்பளவு உருவம் கிடைக்கும். இதற்குக் குறுக்குவழியாக யாருடைய உடல்மீதும் பிளாஸ்டரை நேரடியாகக் கனமாகப் பூசாதீர்கள். பிளாஸ்டர் இறுகும்போது தோலைச் சுடும் அளவுக்கு வெப்பம் உண்டாகும்; கையை அதில் புதைத்து வைத்தவர்களுக்குக் கடுமையான தீக்காயம் ஏற்பட்டதுண்டு.

களிமண் வடிவமும் அச்சும்

குளத்துக் களிமண்ணைக் கல், வேர் இல்லாமல் பிசைந்து, நாடா உருவத்தின்மேல் அப்ப வேண்டும். தடிமனில் ஒரு கணக்கு உண்டு. களிமண்ணின் மேற்பரப்புதான் நாளை கவசத்தின் வெளிப்பரப்பு. ஃபைபர் அதிலிருந்து உள்நோக்கி ஏறத்தாழ 2 மி.மீ. தடிமன் பிடிக்கும், அதற்கும் உள்ளே 10 மி.மீ. பஞ்சும் ஒரு தடித்த துணிச்சட்டையும் வர வேண்டும். எனவே களிமண் மிக மெலிந்த இடத்திலும் 1.5 செ.மீ. இருக்க வேண்டும். மார்புத்தசை, வயிற்றின் கட்டுகள் ஆகியவற்றை அதற்கு மேல்தான் எழுப்ப வேண்டும். மேடை விளக்கில் சிறிய நுணுக்கம் மறைந்துவிடும் என்பதால், தசைக்கோடுகளைச் சற்று மிகையாகவே செதுக்குவது நல்லது. வேலை நடக்கும் நாட்களில் ஈரச்சாக்கு போட்டு மூடி வையுங்கள். உலர்ந்தால் களிமண் சுருங்கி வெடிக்கும்.

முன் தட்டும் பின் தட்டும் பிரியும் கோடு, அக்குளிலிருந்து இடுப்பு வரை உடலின் சரி நடுப்பக்கத்தில் இறங்க வேண்டும். நேர் முன்னால் நின்று பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே மடங்கும் பகுதி ஏதாவது இருந்தால், அங்கே வார்ப்பு அச்சில் சிக்கிக்கொள்ளும். அதைக் களிமண்ணால் நிரப்பிச் சரியாக்குங்கள். தலைக்கவசத்துக்கு இரண்டு பகுதி அச்சு தேவை. நூற்றுவர் தலைவரின் தலைக்கவசத்தில் கொண்டை ஒரு காதிலிருந்து மறு காதுக்குக் குறுக்காக நிற்கும். அச்சு பிரியும் கோட்டையும் அதே இடத்தில் வைத்துவிட்டால், வார்ப்பில் விழும் பொருத்துத் தழும்பு முழுவதும் கொண்டைக்கு அடியில் மறைந்துபோகும். அந்தக் கோட்டில் தகரத் துண்டுகளை வரிசையாகக் குத்தி நிறுத்தி, முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியே எடுக்கலாம்.

ரப்பர் விளையும் மாவட்டமாயிற்றே, ரப்பர் பாலிலேயே அச்சு எடுத்தால் என்ன என்று குலசேகரம் பக்கத்தவர்களுக்குத் தோன்றலாம். பிளாஸ்டர் பொம்மை வார்க்க அது மிக நல்ல அச்சு. நாம் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்னும் திரவம் ரப்பரை உப்பவைத்து விரைவில் கெடுத்துவிடும் என்பதால் இந்த வேலைக்கு அது வேண்டாம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலக்கும்போது தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் தூளைச் சலித்துத் தூவ வேண்டும். எடையில் 10 பங்கு தூளுக்கு 7 பங்கு தண்ணீர் பொருத்தமாக இருக்கும். தோசை மாவுப் பதத்துக்கு வந்ததும் முதல் அடுக்கைக் கையால் விசிறித் தெளித்து, வாயால் ஊதிக் குமிழ்களை உடையுங்கள்; நுணுக்கத்தைப் பதிவு செய்வது இந்த அடுக்குதான். இரண்டாம் அடுக்கில் தென்னை நாரையோ சணலையோ பிளாஸ்டரில் தோய்த்துப் போர்த்தி, மொத்தம் இரண்டு, மூன்று செ.மீ. தடிமனுக்குக் கொண்டுவந்தால் அச்சு உடையாது. இறுகியபின் களிமண்ணை வழித்தெடுத்து, அச்சைக் கழுவி, காற்றோட்டமான நிழலில் உலரவிட வேண்டும். கடற்காற்று படும் இடத்தில் இதற்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். உலர்ந்துவிட்டதா என்று அறிய அச்சின் உட்புறத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது.

உலர்ந்த அச்சுக்கு அவலரக்குப் பூச்சு மூன்று முறை கொடுத்துத் துளைகளை அடைக்க வேண்டும். அதன்மேல் அச்சு விடுவிக்கும் மெழுகை நான்கைந்து முறை தேய்த்து மெருகேற்றி, இறுதியாகப் பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) திரவத்தை மெல்லிய படலமாகப் பூசி உலரவிட வேண்டும். இந்தப் படலம் ஒரு விரற்கடை இடத்தில் விடுபட்டாலும் வார்ப்பு அங்கே அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

வாங்க வேண்டியவை, அஞ்ச வேண்டியவை

ஏழு துண்டுகளின் பரப்பு ஒரு சராசரி ஆளுக்கு ஏறத்தாழ 1.1 சதுர மீட்டர் வரும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் இரண்டு அடுக்கு நமக்குப் போதும். நறுக்கிய இழை மேட் தன் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசினைக் குடிக்கும். ஆகவே வீணாவதையும் சேர்த்து 3 சதுர மீட்டர் மேட், 3 கிலோ ரெசின், வெளிப்பரப்பாக அமையும் கெட்டியான ரெசின் பூச்சான ஜெல்கோட் 1 கிலோ வாங்கினால் சரியாக இருக்கும். இந்தக் கணக்கில் வார்ப்புகள் மட்டும் 3 கிலோவை ஒட்டி நிற்கும். பட்டி, வண்ணம், வார், பஞ்சு எல்லாம் சேர்ந்து உடை 4 கிலோ சுற்றில் முடியும். வள்ளப் பட்டறைகளில் பெரும்பாலும் 450 கிராம் மேட்டும் அதைவிடக் கனமான நெசவு மேட்டும்தான் இருக்கும். அலையைத் தாங்க வேண்டிய வள்ளத்துக்கு அது தேவை. கவசத்தில் அதே அடுக்குகளைப் போட்டால், உடுத்துபவர் இரண்டாம் காட்சிக்கு முன்பே தளர்ந்துவிடுவார். 300 கிராம் மேட் கிடைக்கவில்லையென்றால், 450 கிராம் மேட் ஒரே அடுக்கு போட்டு, விளிம்புகளிலும் வார் கோக்கும் இடங்களிலும் மட்டும் இன்னோர் அடுக்கு வையுங்கள்.

இந்த வேலையில் உயிருக்கே கேடு செய்யக்கூடிய பொருள்கள் உண்டு என்பதால் அடுத்த சில வரிகளை ஒருமுறைக்கு இருமுறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ரெசினை இறுகச் செய்வது மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு என்னும் கேட்டலிஸ்ட். அந்த வினையைத் தூண்டுவது கோபால்ட். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கிய பிறகே, தனிச் சிரிஞ்சினால் கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டு புட்டிகளையும் ஒரே பையில் தூக்கிவரவும், ஒரே அலமாரியில் வைக்கவும் கூடாது. சில ரெசின்களில் கோபால்ட் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும்; வாங்கும்போதே கேட்டு, டப்பாவின்மேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்கக் கூடாது. தெறித்துவிட்டால் அந்த இடத்திலேயே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ரெசினின் மணத்துக்குக் காரணமான ஸ்டைரீன், 31 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். நம் ஊரில் அது சாதாரணப் பகல் வெப்பம். எனவே அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் அருகில் இருக்கலாகாது. வேலை திறந்த முற்றத்தில்தான் நடக்க வேண்டும். கரி வடிகட்டி பொருத்திய முகமூடி மட்டுமே இந்த ஆவியைத் தடுக்கும். தூசிக்காகப் போடும் துணி முகமூடியும் என்-95 முகமூடியும் ஆவிக்கு உதவாது. முழுக்கைச் சட்டையும் கையுறையும் கட்டாயம். இழை குத்தி அரித்தால், சொறியாமல், ஒட்டு நாடாவை அழுத்தி எடுத்துவிட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். சிறுவர்கள் களிமண் வேலையிலும் வண்ணத் திட்டத்திலும் மகிழ்ச்சியாகப் பங்கெடுக்கட்டும். ரெசின் நாளன்று அவர்கள் முற்றத்துக்கு வரக் கூடாது.

ரெசின் நாள்

வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே தொடங்குங்கள். முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் 50 கிராம் ரெசினை மட்டும் கலந்து, எத்தனை நிமிடத்தில் கெட்டியாகத் தொடங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டலிஸ்ட் ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம் இருக்கலாம். 500 கிராம் ரெசினுக்கு 1.5 சதவீதம் என்றால் 7.5 கிராம். வெப்பமான நாளில் 1 சதவீதத்துக்கு இறங்கலாமே தவிர, அதற்கும் கீழே போனால் ரெசின் என்றைக்கும் முழுமையாக இறுகாமல் பிசுபிசுப்போடு நின்றுவிடும். கோபால்ட்டின் செறிவு கடைக்குக் கடை மாறுவதால், விற்பவர் சொல்லும் அளவையே பின்பற்றுங்கள். புதியவர் ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் கலக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கையில் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம்தான். ஆழமான டப்பாவில் தேங்கி நிற்கும் ரெசின் தன் வெப்பத்திலேயே இன்னும் விரைவாக இறுகி, புகைந்து, சில வேளை தீயும் பற்றும். அகலமான தட்டையான பாத்திரத்தில் கலக்குங்கள். மிஞ்சியதை மணலில் மெல்லியதாகப் பரப்பி இறுகவிடுங்கள். குளத்திலோ கடலிலோ ஊற்றாதீர்கள். ரெசின் துடைத்த துணிகளைக் குவித்து வைக்காமல் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

அச்சில் முதலில் ஏறுவது ஜெல்கோட். அதை அரை மி.மீ. தடிமனுக்குச் சீராகத் தூரிகையால் பூச வேண்டும். மெல்லியதாகப் பூசிவிட்டால், அடுத்து வரும் ரெசினின் ஸ்டைரீன் அதை ஊறவைத்துச் சுருக்கம் விழச் செய்யும். விரலால் தொட்டால் ஒட்டுவதுபோல் இருந்து, ஆனால் விரலில் ஏறாத நிலைக்கு ஜெல்கோட் வந்ததும் மேட் வைக்கத் தொடங்கலாம்.

மேட்டைக் கத்தரியால் வெட்டுவதைவிடக் கையால் கிழிப்பது மேல். கிழிந்த விளிம்பின் இழைகள் பக்கத்துத் துண்டோடு பின்னிக்கொள்ளும், மேடு தெரியாது. முதலில் ரெசினைப் பூசி, அதன்மேல் மேட்டை வைத்து, தூரிகையின் நுனியால் குத்திக் குத்தி ரெசினைக் கீழிருந்து மேலே வரவழைக்க வேண்டும். தூரிகையை இழுத்தால் இழைகள் அதோடு வந்துவிடும். வெண்மையாக இருந்த மேட் கண்ணாடிபோல் தெளிந்தால் ரெசின் நன்றாக ஊறிவிட்டது என்று பொருள். வெள்ளைத் திட்டு தெரியும் இடத்தில் காற்று அடைபட்டிருக்கிறது. தசைக்கோடுகளின் பள்ளங்களிலும் விளிம்புகளிலும் காற்று அடைபடும் வாய்ப்பு மிகுதி. அந்த இடங்களுக்கு விரல் அகலத் துண்டுகளாகக் கிழித்து வைத்து, பொறுமையாக ஒவ்வொன்றையும் குத்தி இறக்குங்கள். ஒரு துண்டின் இரண்டு அடுக்குகளையும் ஒரே நாளில் முடிப்பதே சிறப்பு. தலைக்கவசத்தின் இரு பாதி அச்சுகளையும் முதலில் இறுகக் கட்டிவிட்டு, கீழ்வாய் வழியே கையை விட்டு மேட் ஒட்ட வேண்டும்.

ரெசின் இறுகிக்கொண்டிருக்கும்போது, ஒட்டாமலும் முழுவதும் கெட்டியாகாமலும் வளைந்துகொடுக்கும் ஓர் இடைநிலை வரும். அந்தச் சிறிது நேரத்தில் அச்சின் விளிம்புக்கு வெளியே நீளும் மேட்டைக் கூர்மையான கத்தியால் எளிதாக அறுத்துவிடலாம். அதைத் தவறவிட்டால் மறுநாள் இயந்திரத்தால் அறுத்துக் கண்ணாடித் தூசியில் நிற்க வேண்டிவரும்.

மறுநாள் விளிம்பில் மரச்செதில்களைச் செருகி, இடைவெளியில் தண்ணீர் விட்டு, நான்கு பக்கமும் மெல்ல நெம்பினால் பி.வி.ஏ. படலம் கரைந்து வார்ப்பு விடுபடும். எடுத்த துண்டுகளை ஒரு வாரமாவது வெயிலிலும் காற்றிலும் வையுங்கள். மணம் போகாத துண்டில் ஸ்டைரீன் இன்னும் மிச்சமிருக்கிறது. அதை உடலோடு சேர்த்து அணியக் கூடாது.

பட்டி, உப்புத்தாள், வண்ணம்

சோப்பு நீரில் மெழுகைக் கழுவிவிட்டு, யோகா பாய் மாதிரியை வைத்து விளிம்புகளைக் கோடிட்டு அறுத்து, அரத்தால் உருட்டிவிடுங்கள். மேற்பரப்பை 120 எண் உப்புத்தாளால் கீறி, குழிகளைப் பாலியெஸ்டர் பட்டியால் அடைத்து, 220, 400 என்று தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். தண்ணீரோடு தேய்ப்பது பரப்பை மென்மையாக்குவதோடு, கண்ணாடித் தூசியைக் காற்றில் பறக்கவிடாமலும் தடுக்கும். பிறகு பிரைமர். வெண்கல நிறம் வேண்டுமானால் பளபளப்பான கறுப்பை அடியில் அடித்து, அதன்மேல் வெண்கல வண்ணத்தை மெல்லிய தூவலாகக் கொடுத்தால் உலோகத்தின் ஆழம் கிடைக்கும். ஈரக்காற்றில் லாக்கர் அடித்தால் பால்போல் வெளிறிப்போகும். மழை மூட்டமுள்ள நாளைத் தவிருங்கள். இந்தக் கட்டத்தை மட்டும் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ வாகனங்களுக்கு வண்ணம் தெளிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுவதில் தவறேதும் இல்லை. அவர்களுடைய தெளிப்பானின் சீர்மை நம் கைத்தூரிகைக்கு வராது.

துண்டுகளைக் கோத்தல்

கவசத்தின் பாரம் எங்கே இறங்குகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். தடித்த காடாத் துணியில் கையில்லாத அடிச்சட்டை ஒன்று தைத்து, அதன் தோளில் பஞ்சு வைத்து, தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் தொங்கும் தோல் நாடாக்களை அந்தச் சட்டையிலேயே தைத்துவிட வேண்டும். தோலுக்குப் பதில் தடித்த ரெக்சின் போதும். முன் தட்டும் பின் தட்டும் இந்தச் சட்டையின்மேல் அமரும்போது, பாரம் இரு தோள்களிலும் பரவுவதோடு ஃபைபர் தோலில் படாமலும் இருக்கும்.

தோள் வார்களை முதுகுத் தட்டில் நிரந்தரமாகத் தறைந்து, மார்புத் தட்டில் கழற்றும்படி விடுங்கள். வலப்பக்கத்தில் இரண்டு நிலையான வார், இடப்பக்கத்தில் பை கிளிப் பொருத்திய இரண்டு வார் என்று வைத்தால், உடை ஒரு பக்கமாகத் திறந்து மூடும். பக்க வார்களில் ஒரு சாண் நீளத்துக்கு எலாஸ்டிக் சேர்ப்பது மிக முக்கியம். மூச்சை நிறைக்கும்போது தட்டுகள் விரிந்து கொடுப்பது இதனால்தான். ரிவெட் அடிக்கும் இடத்தில் ஒட்டு நாடா ஒட்டி, அதன்மேல் துளையிட்டால் வண்ணம் பெயராது. உட்புறத்தில் அகலமான வாஷர் வைக்காமல் ரிவெட் அடித்தால், சில ஒத்திகைகளிலேயே துளை கிழிந்துவிடும். இரும்பு ரிவெட்டும் இரும்புக் கொக்கியும் நம் உப்புக்காற்றில் துருவேறிப் பஞ்சைக் கறைப்படுத்தும். அலுமினியம், பித்தளை, துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றையே பயன்படுத்துங்கள்.

வெளியே ரிவெட் தெரியக்கூடாத இடங்களில் நைலான் நாடாவின் முனைகளை உட்புறத்தில் ஃபைபரோடு ஒட்டிவிடலாம். அந்த இடத்தை 80 எண் உப்புத்தாளால் நன்றாகக் கீறி, அசிட்டோனால் துடைத்து, நாடாவின் முனைமேல் உள்ளங்கை அளவு மேட் இரண்டு அடுக்கு வைத்து ரெசினால் மூட வேண்டும். வெளியே நீளும் நாடாவில் ரெசின் ஏறினால் அது விறைத்து, மடங்கும் இடத்தில் முறியும். எனவே அதற்கு முன்பே நெகிழித்தாள் சுற்றி வையுங்கள். வண்ணம் அடிப்பதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுவது உகந்தது.

கால்தட்டுகளும் முன்கைத் தட்டுகளும் பின்புறம் இரண்டிரண்டு எலாஸ்டிக் வார்களோடு வெல்க்ரோ வைத்து மூடினால் போதும். கால்தட்டு நடக்கும்போது கீழே சரியும் இயல்புடையது. மேல் வாரை ஆடுசதையின் பருத்த பகுதிக்கு மேலே விழும்படி அமைத்தால் சரியாது. வலது, இடது என்று உட்புறத்தில் எழுதிவிடுங்கள்.

பஞ்சைத் தட்டு முழுவதும் ஒட்டாமல், 10 மி.மீ. ஈ.வி.ஏ. எனப்படும் நுரைப்பஞ்சை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக இடைவெளி விட்டு ஒட்ட வேண்டும். அந்த இடைவெளிகள் வழியேதான் காற்று ஏறி இறங்கும். விளிம்புகளுக்குக் கார் கதவின் ரப்பர் பீடிங் பொருத்தமாக இருக்கும். தலைக்கவசத்துக்குள் கட்டுமானத் தொழிலாளர் அணியும் தொப்பியின் உள்பட்டையை எடுத்துப் பொருத்தினால், தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்று நிற்கும், சுற்றளவையும் கூட்டிக் குறைக்கலாம். கன்னத்தட்டுகளைத் தனியே வெட்டித் தோல் கீலில் தொங்கவிடுங்கள். காது மூடப்பட்டால் நடிகருக்கு உடன் நடிப்பவரின் வசனம் கேட்காது. கொண்டைக்கு உரோமர் பயன்படுத்திய குதிரைமயிருக்கு ஈடாக, சிவப்புச் சாயம் தோய்த்த பனந்தும்பு நன்றாக விறைத்து நிற்கும். அதைக் கட்டையில் வரிசையாகத் துளையிட்டுச் செருகி ஒட்டி, கட்டையை உள்ளிருந்து திருகாணியால் முடுக்கிவிடலாம்.

உடுத்தும் வரிசையும் மேடையும்

கால்தட்டு முதலில், பிறகு அடிச்சட்டை, மார்பு-முதுகுத் தட்டுகள், முன்கைத் தட்டுகள், இறுதியில் தலைக்கவசம். மார்புத் தட்டு ஏறிவிட்டால் குனிந்து காலைக் கட்ட முடியாது என்பதே இந்த வரிசைக்குக் காரணம். உடுத்துவிக்க ஒரு துணையாள் எப்போதும் வேண்டும். அவர் ஒரு நிமிடத்துக்குள் முழுக் கவசத்தையும் கழற்றப் பழகியிருக்க வேண்டும். மயக்கம் வந்தவரின் பின்கொக்கியைத் தேடி நிற்கும் நிலை வரவே கூடாது. பஞ்சும் ஃபைபரும் உடலின் வெப்பத்தை வெளியே விடுவதில்லை. அரை மணிக்கு ஒருமுறை தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடிக்க வழிசெய்து, அதற்கேற்பக் காட்சிகளை அமைக்குமாறு இயக்குநரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

இறுகிய பாலியெஸ்டர் ஃபைபர் தீயில் எரியும், கரும்புகையோடு எரியும். கைது செய்யும் காட்சியில் தீப்பந்தம் ஏந்துவது வழக்கம் என்றால், கவசம் அணிந்தவர் கையில் அதைக் கொடுக்காதீர்கள். மின்கலத்தில் எரியும் பந்தமே போதும். ஊர்வலத்தில் வாணவேடிக்கை நடக்கும் இடத்திலிருந்து கவசம் அணிந்தவர்கள் விலகியே நடக்க வேண்டும். இந்தத் தலைக்கவசம் நாடகத்துக்கு மட்டுமே உரியது. ஒத்திகை முடிந்து அதை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்ட எவரையும் அனுமதிக்காதீர்கள்.

நாடகம் முடிந்ததும் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தி, மார்புத் தட்டையும் முதுகுத் தட்டையும் அவற்றின் வடிவம் மாறாதபடி தொங்கவிட்டுப் பாதுகாக்கலாம். வெயில் படும் ஓட்டுக் கூரையின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மெல்லிய விளிம்புகள் கோணும். விரிசல் கண்டால், உட்புறத்தைக் கீறி மேட் ஒரு அடுக்கு ஒட்டி, வெளிப்புறத்தில் பட்டி வைத்து வண்ணம் தொட்டுவிட்டால் அடுத்த ஆண்டுக்கு உடை தயார். பிளாஸ்டர் அச்சுகள் உடையாமல் இருந்தால் அவற்றையும் ஈரம் படாத இடத்தில் வைத்திருங்கள். அதே உடல்வாகுள்ள இன்னொருவருக்கு இரண்டாம் கவசம் வார்க்கும்போது, வேலை நேராக மெழுகு தேய்ப்பதிலிருந்தே தொடங்கும்.